நடந்து வந்ததும் சர்க்கரை ஏறுகிறது, நடையை நிறுத்தலாமா?

மொரீஷியஸில் கத்ர போர்ன் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 56. வீட்டிலேயே தையல் வேலை. சர்க்கரை நோய் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. காலையும் இரவும் மெட்ஃபார்மின், கிளிக்ளசைடு என்று இரண்டு மாத்திரைகள். இன்சுலின் இல்லை. கடைசியாகப் பார்த்த ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) 8.4 சதவீதம். கடிதம் நீளம். முக்கியமானதை அவர் வார்த்தைகளிலேயே சுருக்கித் தருகிறேன்.

"டாக்டர் நடக்கச் சொன்னார் என்று விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து, வெறும் வயிற்றோடு கோர் தெ கார்த் மலையடிவாரம் வரை வேகமாக ஏறி இறங்கினேன். முக்கால் மணி நேரம். போகும் முன் மீட்டரில் 7.9 (இங்கே மீட்டர் மில்லிமோல் கணக்கில் காட்டும்), வந்த பிறகு 10.2. இன்னும் இரண்டு நாள் பார்த்தேன், அதே கதைதான். பயந்துபோய் விட்டுவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை நடக்கவே இல்லை. தைப்பூசம் வருகிறதே என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை வீட்டைக் கழுவி, திரைச்சீலை துவைத்து, தோட்டத்தைச் சுத்தம் செய்தேன். ராத்திரி பசி இல்லை. கீரை புயோன் (கீரை சூப்) மட்டும் குடித்துவிட்டு மாத்திரை போட்டுப் படுத்தேன். இரண்டு மணிக்கு உடம்பெல்லாம் வேர்த்து, நடுங்கிக்கொண்டு எழுந்தேன். மீட்டரில் 3.3. வீட்டுக்காரர் ஒரு பெரிய சாக்லேட் கொடுத்தார், முழுவதையும் தின்றேன். காலையில் 12! நடந்தால் ஏறுகிறது, நடக்காவிட்டால் இறங்குகிறது. என் உடம்புக்கு உடற்பயிற்சி ஆகாதா? வீட்டு வேலையே போதும் என்கிறார் கொழுந்தனார். இந்த வருடம் பத்து நாள் விரதம் இருந்து பால்குடம் எடுப்பதாக வேண்டுதல். ஒரு வேளைதானே சாப்பிடப் போகிறாய், மாத்திரையை நிறுத்திவிடு என்கிறார் நாத்தனார். செய்யலாமா? பாதம் கொஞ்ச நாளாக மரத்த மாதிரி இருக்கிறது, ஆனால் வலி இல்லை, அதனால் நடப்பதில் பிரச்சினை இருக்காது. ஏற்றத்தில் நெஞ்சு கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கும், நின்றால் சரியாகிவிடும்."

சகோதரி, நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய வரியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

சர்க்கரைக்கு முன்னால் நெஞ்சு

ஏற்றம் ஏறும்போது நெஞ்சு இறுகுவதும், நின்றால் விட்டுவிடுவதும் இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய் சுருங்கியிருப்பதன் அடையாளமாக இருக்கலாம். இருந்தே தீரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 56 வயது, ஒன்பது வருடச் சர்க்கரை, 8.4 என்ற அளவு எல்லாம் சேரும்போது, ஏறிப் பழக்கம் இல்லாததால்தான் என்று யாரும் வீட்டில் உட்கார்ந்துகொண்டு முடிவு செய்யக்கூடாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, இதய நோய் எப்போதும் சினிமாவில் காட்டுவதுபோல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிகிற வலியாகவே வருவதில்லை. இறுக்கம், மூச்சு வாங்குதல், காரணமில்லாத அசதி, வயிற்றைப் புரட்டுவது என்று வரலாம்.

அதனால் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். பக்கத்து அரசு மெடிகிளினிக்குக்குப் போனாலும் சரி, தனியாரிடம் போனாலும் சரி, "ஏறும்போது நெஞ்சு இறுகுகிறது, நின்றால் சரியாகிறது" என்று அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். இ.சி.ஜி. எடுப்பார்கள். அது சரியாக இருந்தாலும் அங்கேயே நிறுத்த வேண்டாம், மேற்கொண்டு என்ன பரிசோதனை என்று கேளுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது எடுக்கும் இ.சி.ஜி. பல நேரம் எதையும் காட்டாது. அதுவரை மலைப்பக்கம் வேண்டாம். நெஞ்சு இறுகாத அளவுக்கு வீட்டைச் சுற்றி மெதுவாக நடந்தால் போதும். உட்கார்ந்திருக்கும்போதே இறுக்கம் வந்தாலோ, நின்ற பிறகும் சில நிமிடங்களில் விடாவிட்டாலோ, 114ஐக் கூப்பிட்டு ஆம்புலன்ஸ் வரவழையுங்கள். பேருந்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

கீழே நடை பற்றி நான் எழுதுவதெல்லாம் மருத்துவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான்.

காலையில் ஏன் ஏறியது?

உங்கள் உடம்புக்கு உடற்பயிற்சி ஆகாமல் இல்லை. நீங்கள் அளந்த நேரம்தான் உங்களைக் குழப்பிவிட்டது.

தசை வேலை செய்யும்போது ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பிலும் இது நடக்கும். தசை சுருங்கி விரிவதே சர்க்கரை உள்ளே போகும் வழியைத் திறந்துவிடுகிறது. நடை நல்லது என்று மருத்துவர்கள் விடாமல் சொல்வதற்கு இதுதான் காரணம். ஆனால் மறுபக்கம் கல்லீரல் இருக்கிறது. வேகமாக ஏறினால், மூச்சு வாங்கினால், உடம்பு அதை அவசரம் என்று எடுத்துக்கொண்டு அட்ரினலினைச் சுரக்கும். உடனே கல்லீரல் சேமித்து வைத்த சர்க்கரையை ரத்தத்தில் கொட்டும். தசை எடுப்பதைவிடக் கல்லீரல் கொட்டுவது அதிகமானால் மீட்டர் ஏறித்தான் காட்டும். போதாக்குறைக்கு, விடியற்காலையில் கார்ட்டிசோல் போன்ற ஹார்மோன்கள் ஏற்கெனவே சர்க்கரையை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். ஐந்தரை மணி, வெறும் வயிறு, செங்குத்தான ஏற்றம் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்ததால்தான் 7.9 உங்களுக்கு 10.2 ஆனது.

இந்த ஏற்றம் பெரும்பாலும் ஓரிரண்டு மணி நேரத்தில் வடிந்துவிடும். நீங்கள் வந்தவுடன் அளந்தீர்கள், பயந்தீர்கள், அதோடு மீட்டரை மூடிவிட்டீர்கள். பதினொரு மணிக்கு ஒரு தடவை அளந்திருந்தால் வேறு கதை தெரிந்திருக்கும். உடற்பயிற்சி செய்த தசை அதன் பிறகு 24 மணி நேரம், சிலருக்கு 72 மணி நேரம் வரைகூட, இன்சுலின் சொல்வதைக் கூடுதலாகக் கேட்கும். நாம் நடப்பதே அந்த லாபத்துக்காகத்தான். வந்தவுடன் அளக்கும் ஒரு எண்ணில் அது தெரியாது.

மீட்டரைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். தரச்சான்று பெற்ற மீட்டரே 15 சதவீதம் வரை கூடவோ குறையவோ காட்டலாம் என்பதுதான் சர்வதேச அளவுகோல். மீட்டரில் 7.9க்கும் 8.3க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து யாரும் தூக்கம் கெட வேண்டியதில்லை. (உங்கள் 10.2 உண்மையான ஏற்றம்தான், அதை மறுக்கவில்லை.) இது லிச்சி காலம் வேறு. பழம் உரித்த கையைக் கழுவாமல் விரலைக் குத்தினால் பழத்தின் சர்க்கரையையும் சேர்த்து அளப்பீர்கள். தமிழ்நாட்டு வீடியோக்களில் 140, 180 என்று சொல்வதைக் கேட்டுவிட்டு நம் ஊர் மீட்டரின் 10ஐப் பார்த்து, இவ்வளவுதானா என்று நிம்மதி அடைகிறவர்களும் இங்கே உண்டு. நம் எண்ணை 18ஆல் பெருக்கினால் அவர்கள் கணக்கு வரும். உங்கள் 10.2 அவர்கள் கணக்கில் 184, ராத்திரி வந்த 3.3 சுமார் 59.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி

அன்றைக்கு நடக்கவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அன்று செய்ததுதான் அந்த வாரத்திலேயே பெரிய உடற்பயிற்சி! காலையிலிருந்து சாயங்காலம் வரை குனிந்து நிமிர்ந்து, தண்ணீர் தூக்கி, தேய்த்துக் கழுவியிருக்கிறீர்கள். தசைகள் சேமிப்பையெல்லாம் தீர்த்துவிட்டு, ராத்திரி முழுக்க ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்து அதை நிரப்பிக்கொண்டிருந்தன. வயிற்றிலோ வெறும் கீரைத் தண்ணீர். அதற்கு மேல் கிளிக்ளசைடு.

இங்கே உங்கள் இரண்டு மாத்திரைகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அபூர்வம். கிளிக்ளசைடு அப்படி இல்லை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்க வைக்கும். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்றவையும் இதே குடும்பம். இந்த மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் அதிகமாக உழைத்த நாளில் இரவுச் சாப்பாட்டைக் குறைத்தால், உழைத்து முடித்துப் பல மணி நேரம் கழித்துக்கூட, தூக்கத்தில் சர்க்கரை இறங்கலாம். அன்றைக்கு ஒரு கிளாஸ் ரம்மும் சேர்ந்திருந்தால் (உங்களைச் சொல்லவில்லை, இதைப் படிக்கும் ஆண்களைச் சொல்கிறேன்) கல்லீரல் கைகொடுக்காமல் போய் இன்னும் மோசமாகும்.

உங்கள் வீட்டுக்காரர் பதறிப்போய்ச் சாக்லேட் கொடுத்ததைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சாக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் அதன் சர்க்கரை மெதுவாகத்தான் ரத்தத்தில் ஏறும். 4க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள், அல்லது அரை கிளாஸ் பழச்சாறு, அல்லது டயட் இல்லாத சோடா குடியுங்கள். பதினைந்து நிமிடம் பொறுத்து அளங்கள். இன்னும் 4க்குக் கீழே என்றால் இன்னொரு தடவை. ஏறிய பிறகு ரொட்டியோ பிஸ்கட்டோ கொஞ்சம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், அங்கேயும் 114தான். பயத்தில் பெரிய சாக்லேட்டை முழுசாகத் தின்றதும், இறங்கிய சர்க்கரையைத் தூக்கிவிட உடம்பு சுரந்த ஹார்மோன்களும் சேர்ந்துதான் மறுநாள் காலையில் அந்த 12. நடக்காததால் வந்ததில்லை.

இந்த இரவைப் பற்றி மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இரவு கிளிக்ளசைடைக் குறைப்பதா, வேறு மாத்திரைக்கு மாற்றுவதா என்பது அவர் எடுக்க வேண்டிய முடிவு. நெஞ்சுக்காக பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை ஏதும் எழுதிக் கொடுத்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சர்க்கரை இறங்கும்போது வரும் நடுக்கத்தையும் படபடப்பையும் அது மறைத்துவிடும். வேர்வை மட்டும் மறையாது. நள்ளிரவில் காரணமில்லாமல் வேர்த்தால் எழுந்து அளந்து பாருங்கள்.

சரி, எப்போது நடப்பது?

நெஞ்சு விஷயம் தீர்ந்து மருத்துவர் அனுமதி கொடுத்த பிறகு, விடியற்காலை மலையேற்றத்துக்குப் பதிலாகச் சாப்பாட்டுக்குப் பின் நடையைத்தான் நான் சொல்வேன். சோறோ, ஃபராத்தாவோ, தால் பூரியோ உள்ளே போன பிறகு சர்க்கரை மேலே வரும் நேரத்தில் தசைக்கு வேலை கொடுத்தால் அந்த ஏற்றம் மழுங்கும். மதியம் பத்துப் பதினைந்து நிமிடம், இரவு பத்துப் பதினைந்து நிமிடம், சமதரையில். பக்கத்தில் யாராவது இருந்தால் பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது. வேகம் அவ்வளவு போதும்.

வாரத்துக்கு 150 நிமிடம் என்பது பொதுவான இலக்கு. தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் விடக்கூடாது, ஏனென்றால் நான் சொன்ன அந்த லாபம் அதற்குள் கரைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஃப்ளிக் அன் ஃப்ளாக் கடற்கரையில் இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு வாரம் முழுக்க உட்கார்ந்திருப்பதைவிட, நாளுக்கு இருபது நிமிடம் மேல். நீங்கள் தையல் மிஷினில் மணிக்கணக்காக உட்காருகிறவர். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு உட்காருங்கள். இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரையில் வித்தியாசம் காட்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது என்று தசைக்கும் வேலை கொடுங்கள். புயல் எச்சரிக்கை வந்து வெளியே போக முடியாத நாட்களுக்கும் இவை உதவும். கண்ணின் விழித்திரையில் ரத்தக் கசிவு இருப்பதாக யாராவது சொல்லியிருந்தால் மட்டும் கனம் தூக்குவதற்கு முன் கண் மருத்துவரைக் கேளுங்கள்.

கொழுந்தனார் சொன்னது பாதி சரி. வீட்டு வேலையும் உடற்பயிற்சிதான், அந்த ஞாயிறே சாட்சி. ஆனால் அது ஒரு நாள் மலையளவு, மறுநாள் ஒன்றுமில்லை என்று வருகிறது. மாத்திரையோ தினமும் ஒரே அளவு. அதில்தான் சிக்கல்.

கிளிக்ளசைடு எடுக்கும்வரை, நடைக்குக் கிளம்பும் முன் 5க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமோ ஒரு துண்டு ரொட்டியோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள். 14க்கு மேல் இருந்து உடம்பும் சரியில்லை என்றால், காய்ச்சல், வாந்தி, அதிக தாகம் இருந்தால், அன்று நடை வேண்டாம். பையில் எப்போதும் நாலைந்து சர்க்கரைக் கட்டி இருக்கட்டும்.

பலன் தெரிய வேண்டுமா? ஒரு நாள் மதியம் வழக்கமாகச் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, நடக்காமல், சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து அளங்கள். இன்னொரு நாள் அதே சாப்பாடு, அதே அளவு, பின்னால் பதினைந்து நிமிட நடை, அதே நேரத்தில் அளங்கள். இதை மூன்று நான்கு ஜோடி நாட்கள் செய்து நோட்டில் எழுதுங்கள். யார் சொல்வதையும் நம்ப வேண்டியதில்லை, உங்கள் நோட்டே சொல்லும். மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி பாருங்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், தொடர்ந்து உடற்பயிற்சி செய்கிறவர்களுக்குச் சராசரியாக அரை சதவீதத்துக்குச் சற்று மேலே குறைகிறது. 8.4ஐ 7 ஆக்கிவிடும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். மாத்திரையும் சாப்பாடும் அவற்றின் பங்கைச் செய்தாக வேண்டும்.

விரதமும் பால்குடமும்

முதலில் பாதம். வலி இல்லை என்பதை நல்ல செய்தி மாதிரி எழுதியிருக்கிறீர்கள். மரத்துப்போன பாதத்தில் வலி இல்லாததுதான் ஆபத்து. ஆணி குத்தினாலும் தெரியாது, தார் ரோடு சுட்டாலும் தெரியாது. நமக்குத் தைப்பூசம் வருவது கொதிக்கும் கோடையில். வெறுங்காலோடு ஊர்வலம் போய், கொப்புளம் வந்ததே தெரியாமல் வீடு திரும்பி, ஒரு வாரம் கழித்துச் சீழோடு வருகிறவர்கள் உண்டு. சர்க்கரை உள்ளவர் காலை இழப்பது பல நேரம் அப்படி ஒரு சின்னப் புண்ணில்தான் தொடங்குகிறது. தீமிதியிலும் இதே ஆபத்துதான்.

நெஞ்சுக்காகப் போகும்போதே பாதத்தையும் காட்டுங்கள். மெல்லிய நைலான் இழையால் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இரண்டு நிமிடம் ஆகாது. உணர்ச்சி குறைந்திருந்தால் வெறுங்கால் ஊர்வலம் கூடாது என்பது என் பதில், அதில் சமரசம் இல்லை. வேண்டுதலை எப்படி நிறைவேற்றுவது என்று கோவிலில் பேசுங்கள். வாசல்வரை செருப்போடு வந்து, பிரகாரத்துக்குள் மட்டும் குடம் எடுப்பதையோ, உங்களுக்காகப் பிள்ளைகளில் ஒருவர் நடப்பதையோ குருக்கள்மார் மறுத்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் நாத்தனாரின் யோசனை. பத்து நாளும் மாத்திரையை மொத்தமாக நிறுத்தினால், ஒரு வேளைதான் சாப்பிட்டாலும் சர்க்கரை ஏறத்தான் செய்யும், ஏனென்றால் கல்லீரல் விரதம் இருப்பதில்லை. மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு ஒரு வேளை மட்டும் சாப்பிட்டால், அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தினமும் வரும். இரண்டுமே தப்பு. சாப்பிடாத வேளைக்கான கிளிக்ளசைடை விடுவதோ குறைப்பதோதான் வழக்கம். எந்த வேளைக்கு எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவர் விரதத்துக்கு முன்பே எழுதித் தர வேண்டும். (இதைப் படிப்பவர்களில் எம்பாக்ளிஃப்ளோசின், டபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் இருந்தால், பட்டினியோடு அவை சேரும்போது ரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. கட்டாயம் கேட்டுவிட்டுத்தான் விரதம்.)

என் யோசனையைக் கேட்டால், மச்சம் மாமிசம் விட்டு, மூன்று வேளையும் அளவோடு மரக்கறி சாப்பிட்டு விரதம் இருங்கள். நம் தீவில் பெரும்பாலோர் அப்படித்தானே இருக்கிறார்கள். ஒரு வேளைச் சாப்பாடு உங்கள் வேண்டுதலில் நீங்களாகச் சேர்த்துக்கொண்டதா என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். எப்படி இருந்தாலும் தண்ணீரை மட்டும் விட வேண்டாம். 4க்குக் கீழே போனால் அந்த நிமிடமே விரதத்தை முறித்துச் சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் இப்போதே சொல்லி வையுங்கள். தைப்பூசத்தன்று மதியம் வாழை இலையில் ஏழு கறியோடு சோறு வரும்போது, நெஞ்சும் பாதமும் அனுமதித்தால், சாப்பிட்ட பிறகு செருப்புப் போட்டுக்கொண்டு நிழலில் பதினைந்து நிமிடம் நடக்கலாம்.

மருத்துவரிடம் போகும்போது மீட்டரையும் எடுத்துக்கொண்டு போங்கள். ராத்திரி 3.3, காலை 7.9, 10.2 எல்லாம் தேதி நேரத்தோடு அதில் பதிவாகியிருக்கும். கேட்க வேண்டியவை நான்கு. நெஞ்சுக்கு மேற்கொண்டு என்ன பரிசோதனை, இரவு கிளிக்ளசைடை என்ன செய்வது, பாதத்தில் உணர்ச்சி எவ்வளவு இருக்கிறது, விரத நாட்களுக்கு மாத்திரை அட்டவணை என்ன. ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கூட்டத்தில் உட்கார்ந்திருந்து உள்ளே போனதும் பாதி மறந்துவிடும்.